மூன்றாவது பதில்

கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டிவிட்டார் முனிரத்தினம், இனி கொஞ்ச நேரத்துக்கு எனக்குக் கைகள் கிடையாது, கைகள் இல்லாமல் போகும்போதுதான் எதையாவது எழுதிவிட வேண்டும் என்று பரபரக்கும், இது இன்று நேற்று வந்த வியாதி இல்லை. தண்ணீரைப் பீச்சுகிறார். நெற்றியில் குளிர்ச்சி, ஒரு துளி மூக்கில் இறங்கி நுனியில் தொங்குகிறது, துடைக்க முடியாது. பதினொரு மணிக்கு மீட்டிங். அதற்குள் தலையைச் சரிசெய்துகொண்டு வரச்சொல்லி மனைவி கோமதிதான் துரத்திவிட்டாள், "அத்தனை பேரு முன்னால பேசப் போறீய, தலை காடு மாரி கெடக்கு" என்றாள். பேசப் போகிறேனா? அவளுக்கு இருக்கும் நம்பிக்கை எனக்கு இல்லை. மேடவாக்கத்து வெயில் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே வந்து என் செருப்பில் விழுகிறது. கத்தரி காதருகில் வெட்டாமலே சும்மா இரண்டு தடவை அடித்துக்கொள்கிறது, பிறகுதான் முடிக்குள் இறங்குகிறது, அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும், வேலைக்கு முந்தைய சத்தம், நானும் கீபோர்டில் ஒன்றும் எழுதாமல் இப்படித் தட்டிக்கொண்டிருப்பேன். இன்று காலை பல் தேய்க்கும்போதே நெஞ்சு ஒருமாதிரி அடித்துக்கொண்டிருந்தது. பயம் என்று நினைத்தேன். பயம் இல்லை. இது வேறு. ஏதோ ஒன்று வாசல்வரை வந்து நிற்கிறது, உள்ளே வர இடம் பார்க்கிறது. ஐம்பத்து நாலு வயதில் ஒருவனுக்கு இப்படி நெஞ்சு அடித்தால் டாக்டரிடம் போவதுதான் முறை. நான் சலூனுக்கு வந்திருக்கிறேன்.

வெளியாட்களிடம் என் வேலையை எப்போதும் ஒரே மாதிரிதான் சொல்வேன்: நாங்கள் செய்வது டேட்டாபேஸ், தகவல்களை அடுக்கிவைக்கும் கிடங்கு, மற்றவர்கள் எழுதிய மென்பொருள்கள் வந்து கேள்வி கேட்கும், நாங்கள் பதில் சொல்வோம். அவ்வளவுதான் தொழில். ஒரு ஃபங்ஷன் என்றால் ஒரு கேள்வி. எப்படிக் கேட்க வேண்டும், என்ன மாதிரி பதில் வரும் என்பது அதன் இன்டர்ஃபேஸ். உள்ளே நாங்கள் என்ன குட்டிக்கரணம் போட்டாலும் கேட்பவனுக்குக் கவலை இல்லை, கேட்கிற முறையும் பதில் வருகிற முறையும் மாறக் கூடாது. அதனால்தான் பதினொரு மணி. இன்று மீட்டிங்கில் முடிவானால் புது ரிலீஸில் அந்த வடிவம் உறைந்துவிடும், பிறகு உலகத்தில் யார் யாரோ அதன்மேல் வீடு கட்டிக் குடிவந்துவிடுவார்கள், அஸ்திவாரத்தில் கைவைக்க முடியாது. பழைய கோட் வரிகளைத் திறந்து பார்த்தால் எங்கள் பவிசு தெரியும். ஒரு ஃபங்ஷனில் பூஜ்யம் வந்தால் வெற்றி, பக்கத்துவீட்டு ஃபங்ஷனில் ஒன்று வந்தால் வெற்றி. ஒன்றில் அட்டவணையின் பெயரை முதலில் கொடுக்க வேண்டும், இன்னொன்றில் கடைசியில். ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆள் ஒவ்வொரு மனநிலையில் எழுதியது, ஒரே குடும்பத்தில் ஒருத்தர் தலையாட்டினால் ஆமாம், இன்னொருத்தர் தலையாட்டினால் இல்லை என்பதுபோல. அதையெல்லாம்கூடச் சகித்துக்கொள்ளலாம். சகிக்க முடியாதது அந்த ஒன்றுதான், "தேடு". இந்த எண்ணுள்ள ஆளுக்கு இன்ன தகவல் உண்டா என்று கேட்டால், இருந்தால் எடுத்துக் கொடுக்கும், இல்லாவிட்டால் வெறுங்கையை நீட்டும். சரி. ஆனால் தேடவே முடியாமல் போனால்? டிஸ்கில் அந்த இடம் படிக்க முடியாமல் கெட்டுப்போயிருந்தால்? அப்போதும் அதே வெறுங்கை. இல்லை என்பதும் தெரியவில்லை என்பதும் ஒரே பதில்.

"தலையை நேரா வச்சுக்கோ சார்," என்கிறார் முனிரத்தினம், இரண்டு விரலால் என் தலையைத் திருப்புகிறார், தலை என்னுடையது இல்லை என்பதுபோல அது திரும்புகிறது. போனவாரம் வந்த அந்தப் புகாரை எத்தனை தடவை படித்திருப்பேன். தெற்கே ஏதோ ஓர் ஊர், ஏதோ ஓர் ஆஸ்பத்திரி, பெயரை எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். நர்ஸ் கம்ப்யூட்டரில் கேட்டிருக்கிறாள், இந்த நோயாளிக்கு ஒவ்வாத மருந்து ஏதாவது உண்டா. அவர்களுடைய மென்பொருள் எங்கள் "தேடு"விடம் கேட்டிருக்கிறது. அந்த இடம் கெட்டிருந்தது. எங்கள் ஆள் வெறுங்கையை நீட்டினான். திரையில் பச்சை எழுத்தில் "ஒவ்வாமை இல்லை" என்று வந்தது. பச்சை! ஊசியில் மருந்தை ஏற்றியாகிவிட்டது. நோயாளியின் மனைவி கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாளாம், இந்த ஆரஞ்சைப் புகாரில் எழுதவில்லை, நானாகச் சேர்த்துக்கொண்டது, எனக்கு அவள் கையில் ஏதாவது இருக்க வேண்டியிருக்கிறது. "இது பென்சிலின் இல்லையே?" என்று கேட்டாளாம், அது எழுதியிருந்தது. அது பென்சிலின்தான். அவள் கேட்காமல் இருந்திருந்தால். பாத்ரூம் போயிருந்தால். போன் வந்து வெளியே போயிருந்தால். புகாரின் தலைப்பு வெறும் "தவறான திரைச் செய்தி". அவசரம் என்ற கட்டத்தில் "நடுத்தரம்" என்று போட்டிருந்தது.

நான் சொன்னேன், பிரமிளா, பதிலோடு ஒரு பிழை எண்ணையும் சேர்த்து அனுப்புவோம், தெரியவில்லை என்றால் அதில் தெரியும் என்று. பிரமிளா எங்கள் தலைவி, என்னைவிடப் பதினைந்து வயது இளையவள், கூர்மை, அவள் கேள்வி கேட்டால் எனக்கு வியர்க்கும். "அந்த எண்ணை யார் சார் பார்ப்பாங்க? பதில் கைக்கு வந்துடுச்சுன்னா எண்ணை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. நீங்க பார்ப்பீங்களா?" நான் "ம்" என்றேன். பார்ப்பேன் என்ற ம்-மா, நீ சொல்வது சரி என்ற ம்-மா, எனக்கே தெரியவில்லை. "பழைய கோட் ஒரு வரிகூட உடையக் கூடாது, ஆனா யாரும் தப்பிக்கவும் கூடாது, அப்படி ஒண்ணு கொண்டுவாங்க, நானே கையெழுத்துப் போடறேன்" என்றாள். அதற்குப் பிறகு எழுதி எழுதி அழிக்கிறேன். மூன்றாவது பதில் ஒன்று வேண்டும், அது தெரிகிறது. அதைக் கேட்பவன் காதில் விழாமல் போகவே முடியாதபடி எப்படிச் சொல்வது, அங்கேதான் துணி முள்ளில் மாட்டுகிறது. இழுத்தால் கிழியும். இழுக்காமல் இருக்கவும் முடியவில்லை. ஒருவேளை இந்த வெறியெல்லாம் அந்த ஆரஞ்சு உரித்தவளுக்காக இல்லையோ, இந்த வயதிலும் எனக்கு ஒன்று தோன்றும் என்று காட்டிக்கொள்ளத்தானோ. இருக்கலாம். இரண்டும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு எந்த ஃபங்ஷனும் இல்லை.

"என்னா சார், ஃபங்ஷனா?" என்றார் முனிரத்தினம். வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. "ம்." "எப்போ?" "பதினோரு மணிக்கு." "இன்னிக்கேவா! சொல்லவே இல்ல. பெரிய எடமா?" பெரிய இடம்தான், ஒன்பதாவது மாடி, கண்ணாடிச் சுவர். "ம்," என்றேன். பெஞ்சில் வேணுகோபால் உட்கார்ந்து பேப்பரை மடித்து மடித்துப் படித்துக்கொண்டிருக்கிறார், எதிர்வீட்டு மாடியில் குடியிருப்பவர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எனக்கு அடுத்து அவர்தான். "பதினோரு மணிக்கு என்னய்யா முகூர்த்தம், ராகுகாலமால்ல வருது" என்கிறார் பேப்பருக்குள்ளிருந்து. "ஆபீஸ்காரங்களுக்கு ஏதுய்யா ராகுகாலம்," என்கிறார் முனிரத்தினம், நுரை அடிக்கிறார், கிண்ணத்தில் பிரஷ் சுழலும் சத்தம், கன்னத்தில் வெதுவெதுப்பு. நல்ல நுரை. இந்த இல்லை என்ற சொல்லே ஒரு கோளாறு. காலையில் கோமதியிடம் கேட்டேன், தண்ணீர் லாரி வருமா? இல்லை என்றாள். வராது என்று அர்த்தமா? வரும் என்று யாரும் சொல்லவில்லை என்று அர்த்தமா? நான் அதை நம்பி வாளியில் மிச்சம் வைத்துக் குளித்தேன், துண்டோடு வெளியே வந்தால் வாசலில் லாரி நிற்கிறது. "இல்லன்னியே!" என்றேன். "எனக்கு என்ன தெரியும், எனக்குத் தெரியலன்னுதானே சொன்னேன்" என்றாள். சொல்லவே இல்லை! ஆனால் அவள் மனதில் சொல்லியிருக்கிறாள். பிறகு அவளும் என்மேல் பாய்ந்தாள், "நீங்க மட்டும்? கல்யாணமான நாளிலேருந்து ம், ம்-ங்கீய, அது ஆமாவா இல்லையான்னு நான் மொகத்தப் பாத்துப் பாத்து வாழ்ந்துட்டேன்." அதுவும் உண்மைதான். பெண் பார்க்கப் போன அன்று திரும்பி வரும் வழியில் அப்பா கேட்டார், பிடிச்சிருக்காடே? பஸ் இரைச்சல். நான் அவளுடைய கழுத்துக்குக் கீழே இருந்த சிறிய தழும்பை நினைத்துக்கொண்டிருந்தேன், எப்படிப் பட்டிருக்கும் என்று. ம் என்றேன். கேள்வியே காதில் விழவில்லை. அந்த ம்-மின் மேல் ஒரு குடும்பமே எழும்பிவிட்டது. கேட்டிருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன், அது வேறு, அது எனக்குத் தெரியும், ஆனால் அப்பாவுக்கு அன்று தெரிந்திருக்க வழியே இல்லை, அவர் பாட்டுக்கு நாள் குறித்துவிட்டார்.

முனிரத்தினம் ஏதோ கேட்கிறார், பிளேடைப் பாதியாக உடைத்துக் கத்தியில் செருகிக்கொண்டே, ஏதோ அடிக்கவா, ஏதோ எடுக்கவா, நான் அப்பாவிடமும் பஸ்ஸிலும் இருக்கிறேன், "ம்" என்கிறேன். பிளேடு இழைகிறது. கன்னம், தாடை, காதுக்குக் கீழே. கண்ணை மூடிக்கொள்கிறேன். இந்தச் சுகத்துக்காகத்தான் வீட்டில் ஷேவ் செய்துகொள்வதில்லை. மூக்குக்குக் கீழே சில்லென்று ஒன்று. சில்லென்று ஏன்? அங்கே எனக்கு எப்போதும் சில்லென்று இருந்ததில்லையே, அங்கே மயிர் அல்லவா இருக்கிறது, கல்லூரி நாளிலிருந்து இருக்கிறதே. கண்ணைத் திறந்தேன். கண்ணாடியில் ஒரு ஆள். இடதுபக்கம் நான், வலதுபக்கம் யாரோ. "ஐயோ," என்றேன், "ஐயோ, என்ன முனிரத்தினம் இது!" கத்தி அந்தரத்தில் நின்றது. "என்னா சார்?" "மீசை!" "நீதானே சார் சொன்னே?" "நான் எங்கே சொன்னேன்?" "மீசை நரைச்சிருக்கே, டை அடிக்கவா, எடுத்துடவான்னு கேட்டேன். நீ ம்-ன்னே." "ரெண்டுல எதுன்னு கேட்டா ம்-ன்னு எப்படிப்பா பதிலாகும்?" "அதான் சார் நானும் யோசிச்சேன். ஃபங்ஷன்ன்ற, பெரிய எடம்ன்ற, டை அடிச்சா காயறதுக்கு நேரமாவும். எடுத்துட்டேன்." பெஞ்சிலிருந்து வேணுகோபால் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இப்படியே பஸ்ல ஏறுங்க சார்," என்றார், "அரை டிக்கெட் வாங்கினாப் போதும்." முனிரத்தினம் சிரிக்காமலிருக்கப் பார்த்துத் தோற்றுப்போனார். எனக்கும் வந்துவிட்டது. நான் சிரிப்பதைக் கண்ணாடியில் பார்த்தேன், பாதி முகம் சிரித்தது, பாதி முகம் அதற்கு என்னவென்று கேட்டது. "மீதியையும் எடுத்துடுங்க," என்றேன். "எடுத்துடவா? நல்லா யோசிச்சுச் சொல்லு சார்." "எடுங்க. மீசையை. வலது கையால. முழுசா." "அசையாதே சார், உதடு. பேசாதே."

பேசாதே. சரி. மேலுதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு மூச்சை நிறுத்திக்கொண்டு இருக்கிறேன், பிளேடு மூக்கின் அடியில் நிற்கிறது, அப்போதுதான், அசையவே முடியாத அந்த நேரத்தில்தான், வாசலில் நின்றது உள்ளே வந்தது. அவர்மேல் என்ன தப்பு? அவர் கேட்டார். நான் உருப்படாத பதில் ஒன்றைச் சொன்னேன். உருப்படாத பதிலை வைத்துக்கொண்டு அவரால் மேலே போக முடிந்தது, அதுதான் தப்பு! கேள்வி கேட்கும்போதே கத்தி கையில் இருந்தது. பதில் வராவிட்டாலும் வேலை நடக்கும்படி அந்தக் கேள்வி இருந்தது. நான் இத்தனை நாள் பதிலையே திருத்திக்கொண்டிருந்தேன், பதிலோடு எண்ணைச் சேர், எச்சரிக்கைக் கொடியைச் சேர், சத்தம் போடு, முட்டாள், பதிலில் இல்லை, கேள்வியில் இருக்கிறது, கேட்பவன் கேட்கும்போதே மூன்றுக்கும் வழி சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும்! இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் இதைச் செய், தெரியாவிட்டால் இதைச் செய். மூன்றையும் எழுதிக் கையில் கொடுத்தால்தான் "தேடு" நகரும். மூன்றாவதை எழுத மறந்தால் பதில் தப்பாக வருவதில்லை, கேள்வியே கேட்க முடியாது, எழுதியதை இயந்திர மொழிக்கு மாற்றித்தரும் கம்பைலர் அந்த இடத்திலேயே வாயை மூடிக்கொள்ளும், எழுதுகிறவனுடைய மேஜையிலேயே, ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு வெகு முன்னாலேயே. அந்த நர்ஸின் மென்பொருளை எழுதிய பையன் எங்கேயோ ஒரு மேஜையில் உட்கார்ந்து, தெரியாவிட்டால் என்ன காட்டுவது என்று ஒரு நிமிஷம் யோசித்தே ஆக வேண்டும், அந்த ஒரு நிமிஷம்தான் எனக்கு வேண்டும், அந்த நிமிஷத்தில் அவன் பச்சையில் எழுத மாட்டான். எல்லா ஃபங்ஷன்களுக்கும் இதே வடிவம், அட்டவணை முதலில், மூன்று வழிகள் கடைசியில், எங்கே பார்த்தாலும் அதே வரிசை. எவ்வளவு எளிது! இவ்வளவு எளிதாக இருப்பதாலேயே சந்தேகமாக இருக்கிறது. எவனாவது மூன்றாவது வழியிலும் "இல்லை என்று வைத்துக்கொள்" என்று எழுதிவிட்டால்? எழுதட்டும், அது அவன் கையால் எழுதியது, அவன் கண்ணில் பட்டது. கத்த வேண்டும்போல் இருக்கிறது. உதட்டை அசைக்கக் கூடாது. கால்விரல்கள் செருப்புக்குள் மடங்கி மடங்கி விரிகின்றன. "என்னா சார், கூசுதா?" கண்ணால் இல்லை என்கிறேன். அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ, இன்னும் மெதுவாக இழைக்கிறார்.

படிகாரத்தைத் தேய்த்ததும் எரிந்தது. துணிக்குள்ளிருந்து கையை எடுத்துச் சட்டைப்பையில் துழாவிப் போனை எடுத்தேன், பிரமிளாவை அழைத்தேன். "சொல்லுங்க ஆவுடை சார், எங்க இருக்கீங்க?" என்றாள், பின்னால் காரின் இண்டிகேட்டர் சத்தம். சொன்னேன். மூச்சு வாங்கச் சொன்னேன், முன்னுக்குப் பின் முரணாகச் சொன்னேன், மூன்று வழி, கேள்விக்குள்ளேயே, கம்பைலர். அவள் குறுக்கே பேசவில்லை. குறுக்கே பேசாத பிரமிளாவை நான் பார்த்ததில்லை. பிறகு, "சார்," என்றாள், "இது நல்லா இருக்கு. தப்பிக்க முடியாது." எனக்குக் காது அடைத்துக்கொண்டது. "புது ஃபங்ஷன் சரி. ஏற்கெனவே பழைய 'தேடு'வை வச்சு எழுதினவங்க?" "அது அப்படியே இருக்கும். ஒரு வரி மாத்த வேண்டாம். ஆனா இனிமே தெரியலைன்னா வெறுங்கையைக் காட்டாது. நின்னுடும்." "நின்னுடும்னா?" "பிழைன்னு சொல்லி வேலையை நிறுத்திடும். பச்சையில பொய் சொல்றதுக்கு நிக்கறது மேல்." இண்டிகேட்டர் அடித்துக்கொண்டே இருந்தது. "பாதி ஊர்ல ஸ்கிரீன் நிக்கும் சார். இதுவரைக்கும் ஓடிட்டிருந்தது உங்க ரிலீஸ் வந்ததும் நின்னுதுன்னுதான் சொல்லுவாங்க. இதுவரைக்கும் பொய் சொல்லிச்சுன்னு யாருக்கும் தெரியாதே. மேல கேட்பாங்க, யார் நிறுத்தினதுன்னு. இந்த மாசம் ஆளைக் குறைக்கற பேச்சு ஓடிட்டிருக்கு, உங்க வயசுல இருக்கறவங்களைத்தான் முதல்ல பார்ப்பாங்க, இது நான் உங்ககிட்ட சொல்லக் கூடாது." "ம்," என்றேன். "நான் பேசினா எடுபடாது, எனக்கு இது தோணலை. நீங்கதான் பேசணும். அவங்க கேட்கறதுக்கு முன்னாடி நான் கேட்டுடறேன். இதனால வேற எங்கயும் எதுவும் உடையாதுன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

தெரியும் என்று சொல்லிவிடலாம். எத்தனை மீட்டிங்கில் எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், நூறு சதவீதம் என்பார்கள், அப்படிச் சொன்னால்தான் கை தூக்குவார்கள். தெரியாது என்றால் விஷயம் அங்கேயே படுத்துவிடும், அடுத்த ரிலீஸில் பார்க்கலாம் என்பார்கள், அடுத்த ரிலீஸில் நான் இருக்க மாட்டேன், எங்கேயோ ஒரு திரையில் பச்சை எழுத்து வந்துகொண்டே இருக்கும். நான் ஒரு பொய் சொன்னால் அந்தத் திரையின் பொய் நின்றுபோகும் என்றால், சொன்னால் என்ன? என் வாயில் ஒரு ம் உருண்டுகொண்டிருக்கிறது, பழைய ம், எத்தனையோ தடவை என்னைக் காப்பாற்றியது, இப்போது விட்டாலும் அவள் அதைத் தெரியும் என்று எடுத்துக்கொள்வாள், நான் பொய் சொன்னதாகவும் ஆகாது. முனிரத்தினம் துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வேணுகோபால் பேப்பரின் பக்கத்தைத் திருப்பாமல் வைத்திருக்கிறார். கண்ணாடியில் எனக்குத் தெரியாத ஒரு ஆள், மேலுதடு இவ்வளவு நீளமா எனக்கு, அது எரிகிறது, அதன்மேல் ஃபேன் காற்று படுகிறது, நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கிறது, பயம் இல்லை, நிச்சயமாகப் பயம் இல்லை, அல்லது பயமும்தான், இருக்கட்டுமே.

"தெரியலை பிரமிளா," என்றேன். "உடையாதுன்னு எனக்குத் தெரியலை. உடைஞ்சா சத்தம் போட்டு உடையும், அது மட்டும் தெரியும். அதை என் பேர்லயே போடுங்க, நான் பேசறேன்."

 இண்டிகேட்டர் நின்றது, காரை ஓரமாக நிறுத்தியிருக்க வேண்டும். என் "தெரியலை"யை அவள் ஆமாம் என்று எடுத்துக்கொள்ள முடியாது, இல்லை என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று அவள் யோசித்தே ஆக வேண்டும், நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவள் யோசிப்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.